பாட்டிலை மறைத்துவிட்டு மார்க் போடுங்கள்

கேள்வி: நாங்கள் மூன்று தம்பதிகள். மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஆளுக்கு ஒரு ஒயின் பாட்டில் கொண்டுவர வேண்டும். விலை பத்து பவுண்டைத் தாண்டக்கூடாது, ஆறும் வேறு வேறு நாடாக இருக்க வேண்டும். குடித்துப் பார்த்துப் பத்துக்கு மார்க் போடுவோம். ஆனால் கணவரின் நண்பர் ஒருவர் முதல் வாயிலேயே “இது 92 பாயின்ட் வாங்கிய ஒயின்” என்று சொல்லிவிட்டால் எல்லாருடைய மார்க்கும் எட்டுக்கு மேலே போய்விடுகிறது. எனக்குப் பிடித்தது எப்போதும் கடைசி இடத்தில் நிற்கிறது. குழம்பும் ஊறுகாயும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு ஒயின் புரியாதா? மார்க்கை எப்படித்தான் போடுவது? இந்த விலைக்கு எந்த நாட்டு ஒயின் வாங்கலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, லண்டன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. வாழைப்பூவின் துவர்ப்பும் புளியின் கூர்மையும் பழகிய வாய் அது. சிவப்பு ஒயினில் ஈறைப் பிடித்து இழுக்கிற டானின் என்ற துவர்ப்பையும், வெள்ளை ஒயினில் எச்சில் ஊறவைக்கிற புளிப்பையும் யாரும் சொல்லித் தராமலே நீங்கள் பிரித்துவிடுவீர்கள். கோளாறு வேறு இடத்தில். நீங்கள் ஆறு பேரும் லேபிளைப் பார்த்துக்கொண்டே மார்க் போடுகிறீர்கள்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. 2001-இல் பிரான்சின் போர்தோ நகரில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் ஒரு வெள்ளை ஒயினையும், அதே வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால்தான் வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு ஏற்றுக்கொண்டது. 2008-இல் வெளிவந்த ஒரு கலிபோர்னிய ஆய்வில் 5 டாலர் ஒயினை 45 டாலர் என்று சொல்லிக் கொடுத்தபோது, குடித்தவர்கள் அதை அதிகம் விரும்பினார்கள். மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில் அந்த இன்பமும் உண்மையாகவே கூடியிருந்தது. அதனால் நண்பரை நொந்துகொள்ளாதீர்கள். 92 என்று அவர் சொன்னதும் அவர் வாயில் அந்த ஒயின் நிஜமாகவே நன்றாக ஆகியிருக்கும்.

அந்த 92 எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் வக்கீலாக இருந்த ராபர்ட் பார்க்கர் 1978-இல் ஒரு ஒயின் செய்திமடல் தொடங்கினார். பள்ளிக்கூட மார்க் போல நூறுக்குப் போடும் வழக்கம் அவரால்தான் உலகம் முழுக்கப் பரவியது. அவருடைய அளவு பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, 50-இல் தொடங்குகிறது. கடைத் தட்டில் 85-க்குக் கீழே எண் போட்ட அட்டையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அதை ஒட்டினால் சரக்கு விற்காது. ஆக 88 என்பது பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்றுதான் பொருள்.

தங்கப் பதக்க ஸ்டிக்கரும் அப்படித்தான். கலிபோர்னியாவில் சிறிய ஒயின் ஆலை வைத்திருந்த ராபர்ட் ஹாட்ஜ்சன் ஓய்வுபெற்ற பேராசிரியர். ஒரே ஒயினுக்கு ஒரு போட்டியில் பதக்கமும் இன்னொன்றில் வெறுங்கையும் கிடைப்பது ஏன் என்று அவருக்குக் குடைந்துகொண்டே இருந்தது. 2005 முதல் கலிபோர்னிய மாநிலக் கண்காட்சிப் போட்டியில், நடுவர்களுக்குத் தெரியாமல், ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை அதே வரிசையில் மூன்று தடவை வைக்க ஏற்பாடு செய்தார். மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே மார்க் போட்ட நடுவர் பத்தில் ஒருவர்தான். அந்த ஒருவரும் அடுத்த ஆண்டு அப்படியே நிலையாக இருக்கவில்லை. இத்தனைக்கும் அவர்கள் தொழில்முறை நடுவர்கள்.

அப்படியானால் மார்க் போடுவதே வீண் என்று நினைக்க வேண்டாம். போடுங்கள், ஆனால் முறையாகப் போடுங்கள். ஒருவர் பக்கத்து அறையில் ஆறு பாட்டிலையும் செய்தித்தாளில் கழுத்துவரை சுற்றட்டும். தக்கையையும் மூடியையும் அங்கேயே கழற்றிவிடட்டும். இன்னொருவர் உள்ளே போய் வரிசையைக் கலைத்து எண் எழுதட்டும். அப்போதுதான் எது எதுவென்று இருவருக்குமே தெரியாது. எல்லாருக்கும் ஒரே வகைக் கிளாஸ், அடியில் கொஞ்சமே ஊற்றினால் போதும். சூட்டையும் கவனியுங்கள். லண்டன் வீடுகளில் ஹீட்டர் பக்கத்தில் வைத்த சிவப்பு ஒயினில் ஆல்கஹால் நெடி மட்டும் மூக்கில் ஏறும். ஃபிரிட்ஜிலிருந்து நேரே எடுத்த வெள்ளையில் மணமே எழாது. சிவப்பை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், வெள்ளையைக் கால் மணி நேரம் முன்னதாக வெளியே எடுங்கள்.

ஆறு பேரும் எழுதி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. இதை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். ‘ம்ம்’ என்று ஒரு சத்தம் போதும், பக்கத்திலிருப்பவர் பேனா மாறிவிடும்.

முதலில் எண் எழுதாதீர்கள், சொல் எழுதுங்கள். மணத்துக்கு இரண்டு மூன்று சொல், வாயில் என்ன நடந்தது என்று ஒரு வரி, விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் நின்றது என்று ஒரு குறிப்பு. ஆங்கிலப் புத்தகங்களில் வரும் பழங்களின் பெயரைத் தேடிப் போக வேண்டியதில்லை. நியூசிலாந்தின் சோவினியோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் பழுத்த கொய்யா மணக்கும், கெவுர்ஸ்டிராமினர் என்ற இன்னொரு வெள்ளையில் ரோஜாவும் லிச்சியும் மணக்கும். எலுமிச்சைத் தோல், பச்சை மாங்காய், மிளகு, புது மழை விழுந்த மண் என்று உங்களுக்குத் தோன்றியதை அப்படியே எழுதுங்கள். அடுத்த வருடம் அந்தத் தாளைப் படித்தால் ஒயின் நினைவுக்கு வரவேண்டும். ‘7.5’ என்ற எண் உங்களுக்கு எதையும் நினைவூட்டாது.

அதன் பிறகு எண். பத்துக்கு இத்தனை என்று போடாமல், ஒன்றிலிருந்து ஆறுவரை வரிசைப்படுத்தச் சொல்வேன். ஒருவர் எதற்கும் ஆறு ஏழுக்குள்ளேயே போடுவார், இன்னொருவர் இரண்டும் போடுவார் பத்தும் போடுவார். கூட்டிப் பார்த்தால் இரண்டாமவர் சொன்னதுதான் ஜெயிக்கும். வரிசை எண்ணைக் கூட்டினால் அந்தக் கோணல் வராது, குறைந்த கூட்டுத்தொகை வாங்கியது முதலிடம். நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை ஒரே ஒயினை இரண்டு எண்ணில் வைத்துப் பாருங்கள். அவரவர் தாளில் அந்த இரண்டும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்த்தால், உங்கள் மார்க்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துவிடும். உங்கள் நண்பருக்கும் அது நல்ல அனுபவமாக இருக்கும்.

ஈரமான அட்டைப்பெட்டி வாடை அடித்தால் மட்டும் மார்க் போட வேண்டாம். அது தக்கையிலிருந்து வந்த கெடுதல், ஒயின் செய்தவர் கைக்குறை அல்ல. ரசீதோடு கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள், நல்ல கடையில் மாற்றித் தருவார்கள்.

இனி விலை. இங்கேதான் உங்களுக்கு ஒரு கணக்குக் காட்ட ஆசை. பிரிட்டனில் 2025 பிப்ரவரியில் வந்த வரி விகிதப்படி, 13 சதவீத ஆல்கஹால் உள்ள 750 மில்லி பாட்டிலுக்கு மதுவரி மட்டும் 2 பவுண்டு 88 பென்ஸ் இருந்தது. விலை எதுவானாலும் அது மாறாது. அதற்கு மேல் விற்பனை விலையில் ஆறில் ஒரு பங்கு வாட் வரி. அந்தக் கணக்கில் ஆறு பவுண்டு பாட்டிலில் இரண்டு வரியும் போக மிஞ்சியது 2 பவுண்டு 12 பென்ஸ். கண்ணாடி, மூடி, லேபிள், கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்குள். ஒயினுக்கென்று சில பத்து பென்ஸ்தான் நிற்கும். பத்து பவுண்டு பாட்டிலிலோ 5 பவுண்டு 45 பென்ஸ் மிஞ்சியது. நீங்கள் கூடுதலாகக் கொடுத்தது நான்கு பவுண்டு, அதில் மூன்றேகால் பவுண்டுக்கு மேல் வரிக்குப் போகாமல் மிஞ்சுகிறது, ஒயினுக்கென்று நிற்கும் பங்கும் கூடுகிறது. அதனால் ஆறு பவுண்டில் ஆறு பாட்டில் வாங்குவதைவிட, ஒன்பது பத்து பவுண்டில் நான்கு வாங்குங்கள். நீங்கள் வைத்திருக்கும் பத்து பவுண்டு வரம்பு மிகச் சரியான இடத்தில் இருக்கிறது.

அந்தப் பணத்தைப் புகழ் குறைந்த ஊர்களில் செலவழியுங்கள். பர்கண்டி, ஷாம்பெய்ன், பரோலோ என்று பெயர் போட்டதைப் பத்து பவுண்டுக்குக் கண்டால் தாண்டிப் போய்விடுங்கள். அந்தப் பெயருக்கே பாதி விலை போயிருக்கும்.

சிலி நாட்டுக் கார்மெனேர் எனக்கு மிகவும் பிடித்தது, அதன் கதை தெரிந்தால் ருசியும் புரியும். இது போர்தோவின் பழைய திராட்சை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சிலிக்குப் போனது. பிறகு ஐரோப்பியக் கொடிகளை பிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி அழித்தபோது போர்தோவில் ஏறக்குறைய இல்லாமலே போனது. சிலியில் அதை மெர்லோ என்ற வேறொரு சிவப்பு ஒயின் திராட்சை என்று நினைத்து மெர்லோவுடன் கலந்தே வளர்த்தார்கள், மெர்லோ என்றே விற்றார்கள். 1994 நவம்பரில் மைப்போ பள்ளத்தாக்குக்கு வந்த ழான்-மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சுத் தாவர வல்லுநர், பூவின் மகரந்தத் தாள்கள் முறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து இது மெர்லோ அல்ல, கார்மெனேர் என்று கண்டுபிடித்துச் சொன்னார். கார்மெனேர் மெர்லோவைவிடச் சில வாரங்கள் பிந்திப் பழுக்கும். இரண்டையும் ஒரே நாளில் பறித்தால் கார்மெனேர் காயாகவே இருக்கும், ஒயினில் பச்சைக் குடைமிளகாய் நெடி வரும். இப்போது தனியாகக் காத்திருந்து பறிக்கிறார்கள். நன்கு பழுத்ததில் அந்த நெடி மெல்லிய மூலிகை வாசனையாகப் பின்னால் நிற்கும், முன்னால் கரும்பழமும் காரமும் இருக்கும். ஏழு பவுண்டில் ஒன்று, பத்தில் ஒன்று வாங்கி மறைத்து வைத்துக் குடித்துப் பாருங்கள். குடைமிளகாய் எதில் தூக்கலாக இருக்கிறது என்று நீங்களே சொல்வீர்கள்.

தென்னாப்பிரிக்காவின் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினும் இந்த விலையில் நம்பி வாங்கலாம். உலகிலேயே அந்தத் திராட்சை அதிகம் விளைவது அங்கேதான், வயதான கொடிகள் நிறைய உண்டு. ஸ்பெயினில் அரகோன் பக்கம், காம்போ டி போர்ஹா அல்லது கலதாயுத் என்று ஊர்ப்பெயர் போட்ட கர்னாச்சா என்ற சிவப்பு ஒயின் வாங்குங்கள். ஆல்கஹால் 14 சதவீதத்துக்கு மேல் போகும், பார்த்து ஊற்றுங்கள். போர்ச்சுகலின் வின்யோ வெர்டே லேசானது. தெற்கு பிரான்சின் பிக்பூல் டி பினே என்ற வெள்ளை ஒயின் சிப்பி வளர்க்கும் கடற்கழி ஓரம் விளைவது, மீன் வறுவலுக்குச் சரியான துணை. நுரை வேண்டுமானால் ஸ்பெயினின் காவா. ஷாம்பெய்ன் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கவைத்து, குறைந்தது ஒன்பது மாதம் வைத்திருந்துதான் வெளியே விடுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. விலை குறைந்த சிவப்பு ஒயினில் வெனிலா வாசனை தூக்கலாக வந்தால் மயங்கிவிடாதீர்கள். 225 லிட்டர் ஓக் பீப்பாய் ஒன்றில் 300 பாட்டில் ஒயின்தான் கொள்ளும். புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் 600 யூரோவைத் தாண்டும், அப்படியானால் பாட்டிலுக்கு இரண்டு யூரோ பீப்பாய்க்கே ஆகிவிடும். ஏழு பவுண்டு ஒயினுக்கு அது கட்டாது. அந்த வாசனை பெரும்பாலும் தொட்டியில் போட்ட ஓக் மரச் சில்லுகளிலிருந்து வருவது. ஐரோப்பிய ஒன்றியமும் 2006-இல் அதை அனுமதித்தது. தப்பொன்றுமில்லை, ஆனால் அதற்காகத் தனி மார்க் கொடுக்க வேண்டாம்.

ஒயினை ருசி பார்த்து முடித்த பிறகு சாப்பாட்டை வையுங்கள். மிளகாய்க் காரம் ஏறிய வாயில் ஆல்கஹால் இன்னும் எரியும், டானின் இன்னும் கசக்கும். அதில் நல்ல சிவப்பு ஒயினும் தோற்றுப்போகும். அதுவரை தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும். அப்புறம் கோழிக் குழம்பு வரும்போது ஜெர்மனியின் கபினெட் வகை ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை ஊற்றுங்கள். எட்டொன்பது சதவீத ஆல்கஹால், கொஞ்சம் இனிப்பு, நல்ல புளிப்பு. காரத்தோடு இவ்வளவு சேர்ந்து போகிற ஒயினை நான் வேறு பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆறு பேர், ஆறு பாட்டில் என்றால் ஆளுக்கு ஒரு முழு பாட்டில். 13 சதவீத ஒயினில் அது கிட்டத்தட்ட பத்து யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்). பிரிட்டன் அரசின் மருத்துவ ஆலோசனை வாரம் முழுவதற்கும் சொல்வதே 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது. ருசி பார்க்க ஒவ்வொன்றிலும் 50 மில்லி தாராளம், ஆறுக்கும் சேர்த்து நான்கு யூனிட்டுக்குள் நிற்கும். நடுவில் ஒரு ஜாடி வைத்து வாயில் சுழற்றித் துப்பிவிடுங்கள். தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் துப்புகிறவர்கள்தான், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கார் எடுத்து வந்தவர் துப்பினாலும் ஓட்ட வேண்டாம்.

இப்படி அளந்து ஊற்றினால் ஒவ்வொரு பாட்டிலிலும் பாதிக்கு மேல் மிஞ்சும். மூடி ஃபிரிட்ஜில் வைத்து, ஆளுக்கு ஒன்றாக வீட்டுக்கு எடுத்துப்போங்கள். மறுநாள் மாலை ஒரு வாய் குடித்துவிட்டு அதே தாளில் இரண்டாவது வரி எழுதுங்கள். முதல் நாள் சத்தமாக இருந்த சில ஒயின்கள் மறுநாள் தட்டையாகிப் போயிருக்கும், ஒதுங்கி நின்ற சிலவற்றில் மணமும் ருசியும் விரிந்து வந்திருக்கும். நீங்கள் விரும்பிக் கடைசி இடம் வாங்கிய ஒயின்களில் எத்தனை இந்த இரண்டாம் வகை என்று அறிய எனக்கு ஆவல். மூன்று நான்கு கூட்டம் முடிந்ததும் உங்கள் தாள்களைப் பார்த்து ஒரு கடிதம் போடுங்கள்.