மண்ணின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள்? வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பனியுகங்கள், அக்காலச் சூழல், அப்போது வாழ்ந்த உயிர்கள் ஆகியவற்றின் வயதை விஞ்ஞானிகள் எவ்வாறு அறிகிறார்கள் என்று வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். நிலவியல் படித்தவன், இந்த மண்ணிலேயே வளர்ந்தவன் என்ற இரண்டு உரிமைகளோடும் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (ஒட்டுசுட்டான், விவசாயி): கிணறு வெட்டும்போது பத்தடி ஆழத்தில் கரித்துண்டுகள் கிடைத்தன. ஆய்வுக்கு அனுப்பினால் அந்த இடத்தில் மனிதர் வாழ்ந்த காலம் தெரிந்துவிடுமா?

கரியின் வயது தெரியும் ஐயா. மனிதர் வாழ்ந்த காலம் அதிலிருந்து நேரடியாகத் தெரியாது. இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கீழே நான் எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

உயிருள்ள மரம் வளியிலிருந்து காபனை எடுத்துக்கொண்டே இருக்கிறது. அதில் மிகச் சிறிய பங்கு காபன்-14 என்னும் கதிரியக்கச் சமதானி, அதாவது தானாகவே சிதைந்து தேயும் காபன் வகை. ஒரு வளையம் மரத்தில் உருவாகி முடிந்ததும் அந்த வளையத்துக்குப் புதுக் காபன் வருவது நின்றுவிடுகிறது. இருந்த காபன்-14 தேயத் தொடங்குகிறது. எஞ்சியிருப்பதை அளந்தால் எவ்வளவு காலம் தேய்ந்தது என்று கணிக்கலாம். ஆகவே இந்த முறை சொல்வது அந்த வளையம் வளர்ந்த காலத்தை. நெருப்பு மூட்டிய காலம் அதற்கு நெடுநாள் பிந்தியதாக இருக்கலாம். பாலை, முதிரை போன்ற மரங்களின் வைரம் பாய்ந்த பழைய நடுக்கட்டையை எரித்த கரியானால், அடுப்பு மூட்டிய நாளுக்கும் கரியின் வயதுக்கும் நூற்றாண்டுக் கணக்கில் இடைவெளி வரலாம். அதனால்தான் சுள்ளி, விதை, கொட்டை ஓடு போன்ற ஓராண்டு, ஈராண்டு ஆயுள் உள்ளவற்றையே ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

வன்னியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சேனைக்குக் காடு எரிக்கும்போது பெரிய மரங்களின் வேர் மண்ணுக்குள்ளேயே நாட்கணக்கில் புகைந்து கரியாகிவிடும். பத்தடியில் இருக்கும் கரி அப்படி வந்ததாகவும் இருக்கலாம். கரியைச் சுற்றி மட்பாண்ட ஓடு, எலும்பு, சுட்ட மண், அடுப்புக்கல் ஏதாவது இருந்ததா என்று பாருங்கள். எதுவும் இல்லாவிட்டால் அனுப்புவது வீண்செலவு. இருந்தால் கரியைக் கழுவாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். ஆழத்தையும் எந்த நிற மண்ணில் கிடைத்தது என்பதையும் எழுதி வையுங்கள். காபன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் இன்றைய முடுக்கிக் கருவிகளுக்குச் சில மில்லிகிராம் கரியே போதும்.

கேள்வி (கிளிநொச்சி, உயர்தர மாணவி): காபன்-14 இன் அரைவாழ்வுக்காலம் 5,730 ஆண்டுகள் என்று படித்தோம். அப்படியானால் எவ்வளவு பழையதையும் கணிக்கலாம் அல்லவா? ஏன் 50,000 ஆண்டோடு நிறுத்துகிறார்கள்?

கணக்கைப் போட்டுப் பார், தங்கச்சி. அரைவாழ்வுக்காலம் என்பது இருந்ததில் பாதி தேய எடுக்கும் காலம். பத்து அரைவாழ்வுக்காலம் 57,300 ஆண்டுகள். அப்போது தொடக்கத்தில் இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அந்த நிலையில் ஒரு துளி இன்றைய காபன் கலந்தாலும் விடை கெட்டுவிடும். காபன்-14 முற்றிலும் தீர்ந்துபோன பழைய மாதிரியில் நூற்றுக்கு ஒரு பங்கு இன்றைய காபன் சேர்ந்துவிட்டால், அதற்கு ஏறத்தாழ 37,000 முதல் 38,000 ஆண்டு வரை வயது வரும். மடக்கைச் சமன்பாட்டில் நீயே சரிபார்க்கலாம். இந்த எல்லைக்கு அருகில் வரும் எண்களை நான் எப்போதும் இரண்டு முறை பார்ப்பேன். களுத்துறை மாவட்டத்துப் பாஹியன்கல குகையில் மனிதர் வாழ்ந்ததற்குக் கிடைத்த ஏறத்தாழ 48,000 ஆண்டு என்னும் காலம் அந்த விளிம்பில்தான் நிற்கிறது. அங்கே பல மாதிரிகள் அடுக்கு வரிசைப்படி ஒன்றுக்கொன்று இசைந்து வந்ததால் அதை நம்பலாம்.

பாடநூலில் பெரும்பாலும் விடுபடும் ஒரு செய்தி: வளியில் காபன்-14 இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. அமெரிக்க வேதியியலாளர் வில்லார்ட் லிபி 1949 இல் இந்த முறையை வெளியிட்டபோது ஒன்றாகவே இருந்ததாகக் கொண்டார். பின்னர் வயது தெரிந்த மரவளையங்களை அளந்தபோது விலகல் தெரிந்தது. இன்று மரவளையம், யப்பானின் சுய்கெட்சு ஏரியின் ஆண்டுப் படிவுகள், குகைச் சுண்ணப்படிவுகள், பவளங்கள் எல்லாவற்றையும் வைத்து 55,000 ஆண்டு வரை, காபன் வயதை உண்மையான ஆண்டாக மாற்றும் திருத்த வளைவு போட்டிருக்கிறார்கள். பரீட்சைக்கு வெளியே ஒரு கட்டுரையில் காபன் வயதைக் கண்டால், அது திருத்திய வயதா என்று பார். ‘இன்றைக்கு முன்’ என்று எழுதியிருந்தால் அந்த ‘இன்று’ 1950 ஆம் ஆண்டு.

கேள்வி (இரணைமடு, இதே கேள்வி முரசுமோட்டையிலிருந்தும் வந்தது): எங்கள் செம்மண்ணிலும் கிரவலிலும் ஆதிமனிதரின் கற்கருவிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எலும்பும் கரியும் இல்லாத மண்ணுக்கு எப்படி வயது கணிக்கிறார்கள்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிரவலின் மேல் படிந்திருக்கும் இந்தச் செம்மணலை இலங்கைத் தொல்லியலில் ‘இரணைமடுப் படிவு’ என்றே அழைக்கிறார்கள். தெற்கே புந்தலை வரையுள்ள உலர்வலயக் கரையோரத்தில் இதே வகைப் படிவு காணப்பட்டாலும் பெயர் நம் இரணைமடுவுடையது. கோடிக்கணக்கான மழைத்துளிகள் ஊடுருவிச் சுண்ணத்தைக் கரைத்து வெளியேற்றிவிட்டதால், இந்த மண்ணில் எலும்பு நிலைப்பதில்லை. கற்கருவி மட்டும் நிற்கிறது. கல்லின் வயதைக் கணித்துப் பயனில்லை. கருவி செய்தவன் பிறப்பதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே கல் இருந்தது.

ஆகவே மணலைக் கேட்கிறார்கள். குவாட்சு மணியொன்று மண்ணுக்குள் புதைந்ததும், சுற்றியுள்ள யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சால் அதன் பளிங்கமைப்பின் குறைபாடுகளில் இலத்திரன்கள் சிறைப்படுகின்றன. சொட்டும் குழாயின் கீழ் வைத்த குடம்போல அந்தச் சேமிப்பு காலத்தோடு ஏறிக்கொண்டு போகிறது. வெயில் பட்டால் முற்றாகக் கொட்டிப்போகும். ஆய்வகத்தில் அந்த மணியின் மேல் ஒளி பாய்ச்சும்போது சிறைப்பட்ட இலத்திரன்கள் விடுபட்டு மணி மெல்ல ஒளிர்கிறது. ஒளியின் அளவிலிருந்து மணி வாங்கிய மொத்தக் கதிர்வீச்சைக் கணித்து, அந்த இடத்தில் ஓராண்டுக்கு வரும் கதிர்வீச்சால் வகுத்தால் மணி கடைசியாக வெயிலைக் கண்ட காலம் கிடைக்கிறது. இதற்கு ஒளித்தூண்டல் ஒளிர்வு முறை என்று பெயர். கனடாவில் ஹன்ட்லியும் அவருடைய குழுவினரும் 1985 இல் இதை வெளியிட்டார்கள். அதற்கு முன் வெப்பமூட்டி ஒளிரச் செய்யும் முறையே இருந்தது. வெப்ப முறையில் தூண்டப்படும் இலத்திரன்கள் வெயிலில் எளிதில் கொட்டுவதில்லை. அதனால் மணலின் வயது உள்ளதைவிடக் கூடுதலாக வர இடமுண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தொல்லியலாளர் சிரான் தெரணியகல புந்தலைப் பக்கத்தில் அகழ்ந்து, கற்கருவிகள் இருந்த படிவுக்கு ஏறத்தாழ 125,000 ஆண்டு வயது சொன்னது வெப்ப ஒளிர்வு முறையால். இலங்கை வரலாற்றின் தொடக்கமாகப் பலரும் அந்த எண்ணைத்தான் எழுதுகிறார்கள். அது பெரும் பணி, எனக்கு அதில் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் தென்கரையில் கிடைத்த எண்ணை இரணைமடுச் செம்மண்ணின் மேல் அப்படியே ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரே பெயரில் அழைக்கப்படும் மணல் ஒரே காலத்தில் படிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இந்த இடத்து மணலை இந்த இடத்திலேயே, புதிய முறையில் அளக்க வேண்டும்.

அளக்கும்போது கறையானையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் காடுகளில் ஆளுயரப் புற்றுகளைப் பார்த்திருப்பீர்கள். ஆழத்து மணியை மேலே கொண்டுவந்து வெயில் காட்டுவதும், மேல்மணி பழைய வளைகள் வழியே கீழே இறங்குவதும் கறையானால் நடக்கின்றன. அப்படிக் கலந்த மண்ணில் ஆயிரம் மணிகளைச் சேர்த்து அளந்தால் கிடைக்கும் சராசரி எந்தக் காலத்துக்கும் உரியதாக இருக்காது. மணிகளைத் தனித்தனியே அளந்தால்தான் கலப்பு தெரியும்.

கேள்வி (மன்னார், கடற்றொழிலாளர்): முன்னொரு காலத்தில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம் என்கிறார்கள். கடலுக்கு யார் வயது பார்த்தது?

பவளம் பார்த்தது, அண்ணன். சிலவகைப் பவளங்கள் கடல் மட்டத்துக்குச் சற்றுக் கீழேதான் வளரும். கடல் உயரும்போது கீழே இருந்தவை இறந்து மேலே புதியவை வளரும். வளரும்போது கடல்நீரின் யுரேனியத்தை உள்வாங்கும், தோரியம் மிக அரிதாகவே அதில் சேரும். பின்னர் யுரேனியம் தேய்ந்து உண்டாகும் தோரியத்தை அளந்தால் பவளத்தின் வயது வரும். மேற்கிந்தியத் தீவான பார்படோசின் கடலடியில் துளையிட்டு எடுத்த பவளங்களை இவ்வாறு ஆராய்ந்தார்கள். பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அதே பவளங்களில் காபன் வயது 3,500 ஆண்டு வரை குறைவாக வந்ததையும் அப்போதுதான் கண்டார்கள்.

பாக்கு நீரிணையின் பெரும்பகுதி எவ்வளவு ஆழம் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கடல் 120 மீட்டர் இறங்கினால் அங்கே நீர் எங்கே நிற்கும்? மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் பரந்த நிலம் இருந்தது. பனி உருகி, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்தான் கடல் அதை மூடி முடித்தது.

சிப்பியை அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம். ஆனால் கடல்நீரில் பழைய காபன் தங்கியிருப்பதால் இன்று பிடித்த சிப்பிகூடப் பல நூறு ஆண்டுப் பழையதுபோலத் தோன்றும். அதைக் கழித்துத்தான் வயது சொல்ல வேண்டும்.

கேள்வி (வவுனியா, ஆசிரியர்): பனியுகத்தில் இங்கே பனி இருந்ததா? இல்லையென்றால் அது நமக்கு எவ்வகையில் தொடர்புடையது?

பனி இல்லை, ஐயா. மழை மாறியது. உலகத்தின் நீரில் ஒரு பங்கு கண்டப் பனிப்படலங்களில் அடைபட்டபோது கடல் குளிர்ந்தது, பருவக்காற்று கொண்டுவரும் ஈரமும் குறைந்தது. ஹோட்டன் சமவெளியின் சதுப்புப் படிவைத் தோண்டி, அடுக்கடுக்காக மகரந்தத்தை எண்ணி, காபன் முறையால் வயது கணித்திருக்கிறார்கள். 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்தப் பதிவில் பனியுக உச்சம் வறண்ட காலமாகவே தெரிகிறது. ஆனால் அது தென்மேற்குப் பருவமழை பெறும் மலைநாடு. வன்னிக்கு மழை வருவது வடகீழ்ப் பருவக்காற்றால். மலைநாட்டு முடிவை மாணவர்களுக்குச் சொல்லும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் பக்கத்துக் களப்புகளின் அடிச்சேற்றைத் துளையிட்டு எடுப்பதே இதற்கு வழி. கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் மூன்றும் அதற்கு ஏற்ற இடங்கள்.

உலகளாவிய காலக்கணக்கு ஆழ்கடலிலிருந்து வந்தது. பனி பெருகும்போது பாரம் குறைந்த ஒட்சிசன்-16 பனியில் அடைபட, கடலில் ஒட்சிசன்-18 இன் பங்கு கூடுகிறது. நுண்ணுயிர் ஓடுகளில் அது பதிவாகிறது. 1976 இல் ஹேய்ஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் அந்தப் பதிவில் 100,000, 41,000, 23,000 ஆண்டு அளவிலான சுழற்சிகளைக் காட்டினார்கள். பூமியின் பாதையும் சாய்வும் மாறுவதால் பனியுகம் வருகிறது என்று செர்பிய விஞ்ஞானி மிலான்கோவிச் முன்னரே கணக்கிட்டது சரியென்று அப்போது உறுதியானது. அந்தாட்டிக்காவில் ஐரோப்பியர் எடுத்த பனித்தூண் 800,000 ஆண்டு பின்னோக்கிச் செல்கிறது. அதன் குமிழிகளில் அக்காலத்து வளியே அடைபட்டிருக்கிறது. குளிர்காலங்களில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்தில் 180 பங்கு அளவிலும், வெப்பகாலங்களில் 280 அளவிலும் இருந்தது. இன்று 420 ஐத் தாண்டிவிட்டது. 2025 சனவரியில் இன்னொரு துளையை 2,800 மீட்டர் வரை இறக்கி, 12 இலட்சம் ஆண்டுக்கும் மேற்பட்ட பனியை எடுத்திருக்கிறார்கள்.

கேள்வி (நெடுங்கேணி): எங்கள் ஊர்ப் பாலை மரத்தின் வளையத்தை எண்ணினால் அதன் வயது தெரியுமா?

நம்பகமாகத் தெரியாது. கடுங்குளிர் இல்லாத நாட்டில் பல மரங்கள் ஆண்டுக்கு ஒரு வளையம் என்று ஒழுங்காக இடுவதில்லை. தேக்கு இடும். பாலைக்குக் காபன்தான் வழி. ஆனால் மரத்தை வெட்டாதீர்கள். நடுவரை செல்லும் மெல்லிய துளை மாதிரி போதும்.

கேள்வி (மல்லாவி, மாணவன்): இலங்கையில் சிங்கமும் நீர்யானையும் வாழ்ந்தது உண்மையா?

உண்மைதான், தம்பி. இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக்கல் கிரவலில் இரண்டின் எச்சங்களும், காண்டாமிருகத்தின் எச்சங்களும் கிடைத்தன. எப்போது வாழ்ந்தன என்பதுதான் சிக்கல். ஆறு புரட்டிக் கொண்டுவந்த கிரவலில் வெவ்வேறு காலத்து எலும்புகள் ஒரே அடுக்கில் கிடக்கலாம். பல்லையும் எலும்பையும் தனித்தனியே அளக்காமல் கிரவலின் வயதை அவற்றுக்குக் கொடுக்கக் கூடாது.

கேள்வி (துணுக்காய்): பழைய குளக்கட்டின் வயதைக் கண்டுபிடிக்கலாமா?

கட்டின் அடியில் மூடப்பட்ட பழைய நிலமட்டத்து மணலை ஒளிர்வு முறையால் அளக்கலாம். பழைய துருசில் செங்கல் இருந்தால் அது சூளையில் கடைசியாகச் சுடப்பட்ட காலத்தை வெப்ப ஒளிர்வு காட்டும். கட்டைப் பலமுறை உயர்த்தியிருப்பார்கள். மேலே எடுத்த மண் கடைசித் திருத்த வேலையின் காலத்தைத்தான் சொல்லும்.

கேள்வி (மாங்குளம்): கிரவல் வெட்டும் இடத்தில் கூர்மையான குவாட்சுக் கற்கள் நிறையக் கிடக்கின்றன. எடுத்துப் பாடசாலையில் வைக்கலாமா?

எடுக்காதீர்கள். இயந்திரம் வெட்டிய சுவரில் கல் இன்னும் பதிந்திருந்தால், அதுவே விலைமதிப்பற்ற நிலை. அளவுகோலை அருகில் வைத்து, கல்லையும் சுவர் முழுவதையும் படம் எடுங்கள். மேலிருந்து எத்தனை அடி, மேலே எந்த மண், கீழே எந்த மண் என்று எழுதுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிக்கிறார்கள், அங்கே காட்டுங்கள். தொல்பொருட் சட்டப்படி 1815 மார்ச் 2 க்கு முற்பட்டவை பாதுகாக்கப்பட்டவை என்பதும் நினைவிருக்கட்டும். கண்ணிவெடி அகற்றியதாக அறிவிக்கப்படாத காணிக்குள் எந்தக் கல்லுக்காகவும் கால் வைக்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

ஆய்வாளர் வரும்வரை சுவரை மேலும் வெட்டாமல் விட முடியுமானால் அந்த முகத்தை விடச் சொல்லி வேலையாட்களைக் கேளுங்கள். அவர்கள் வந்ததும் முகத்தை ஒரு முழம் உள்ளே சீவி, இரும்புக் குழாயை மண்ணுக்குள் அடித்து, வெளியே எடுத்தவுடன் இரு முனைகளையும் வெயில் படாமல் கறுப்புத் துணியால் மூடுவார்கள். குழாய் அடிக்கும் இடம் கல்லிருந்த அதே அடுக்காக இருக்க வேண்டும். அந்த அடுக்கைக் காட்டப்போவது உங்கள் படமும் நீங்கள் எழுதி வைத்த அளவுகளும்தான்.