பையில் இரண்டு அங்குலம், வளர்ந்தால் ஓர் அடி

கேள்வி: நாங்கள் ஆவடியில் இருக்கிறோம். மகனின் ஆசைக்காக 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் ஒரு தொட்டி வாங்கி, உப்புநீர் கலந்து ஆறு வாரமாக ஓட விட்டிருக்கிறோம். மீனுக்கு நஞ்சான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். கொளத்தூரில் ஒரு கடையில் கோமாளி மீன் ஒரு ஜோடி, ப்ளூ டாங் ஒன்று, கறுப்புப் புள்ளி போட்ட வெள்ளை மீன் ஒன்று, மஞ்சள் கோபி ஒன்று என எடுத்துக் காட்டினார்கள். எல்லாமே இரண்டு அங்குலம்தான். ‘தொட்டிக்கு ஏற்றபடிதான் மீன் வளரும்’ என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?

பதில்: ஆறு வாரம் மீன் போடாமல் காத்திருந்தீர்களே, அதுவே பாதி வேலை. அந்தப் பொறுமையை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள். ஐந்தில் இரண்டு மீன்களை வாங்கவே கூடாது.

முதலில் ப்ளூ டாங். கடையில் இருப்பது குஞ்சு. வளர்ந்தால் ஏறக்குறைய ஓர் அடி வரும். உங்கள் தொட்டியின் அகலமே ஓர் அடி. அந்த மீன் திரும்புவதற்குக்கூட இடம் இருக்காது. போதாததற்கு, அது பவளப் பாறைகளைச் சுற்றி நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும் இனம். நானூறு, ஐந்நூறு லிட்டர் தொட்டி உள்ளவர்கள் யோசிக்க வேண்டிய மீன் அது.

நீளத்தைவிடப் பெரிய சிக்கல் எடை. இரண்டு அங்குல மீன் பத்து அங்குலம் ஆனால் நீளம்தான் ஐந்து மடங்கு; உயரமும் பருமனும் சேர்ந்து வளர்வதால் எடை சுமார் 125 மடங்கு. அதற்கேற்ப தீனி, தீனிக்கேற்ப கழிவு. உங்கள் தொட்டி கணக்குக்கு 70 லிட்டர் என்றாலும், மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் தண்ணீர் 55 லிட்டர்தான் தேறும். அவ்வளவு கழிவை அது தாங்காது. ‘ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) தண்ணீருக்கு ஓர் அங்குல மீன்’ என்று நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். அதை இங்கே கொண்டுவராதீர்கள். உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், தண்ணீர் சூடானால் இன்னும் குறையும். நம் ஊர் மே மாதத்தில் மூன்று மணி நேரம் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மீன் குறைவாக இருந்தால் பிழைக்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றையும் வாங்கி வையுங்கள்.

தொட்டிக்கு ஏற்றபடி மீன் வளரும் என்பது தவறு. நெருக்கடியிலும் கெட்ட தண்ணீரிலும் வளர்ச்சி குன்றும், அவ்வளவுதான். அது நோய். அப்படிக் குன்றிய மீன் பெரும்பாலும் சீக்கிரமே செத்துப்போகும்.

அந்த வெள்ளை மீன், நீங்கள் சொல்லும் அடையாளப்படி, பாந்தர் குரூப்பர் என்று நினைக்கிறேன். மீன் சந்தையில் கிலோக்கணக்கில் விற்கிற களவா மீனின் சொந்தக்காரர் அது. இரண்டு அடிக்கு மேல் வளரும். அதற்கு வெகு முன்பே உங்கள் கோமாளி மீன்களை விழுங்கியிருக்கும்.

சரி, எவற்றை வாங்கலாம்? கோமாளி மீன் ஜோடி தாராளமாக. ஆனால் அதிலும் வகை உண்டு. ஆரஞ்சில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட ஒசெல்லாரிஸ் நான்கு அங்குலத்துக்குள் நின்றுவிடும். மெரூன் வகை ஆறு அங்குலத்தைத் தாண்டும், முரட்டுத்தனமும் அதிகம். ஒசெல்லாரிஸ் ஜோடியே எடுங்கள். ஜோடியில் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டாம். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் குஞ்சுகளாகவே எடுங்கள். இந்த இனத்தில் எல்லாமே ஆணாகத்தான் தொடங்கும், ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும். யார் பெரியவர் என்பது முதலிலேயே தெரிந்தால் சண்டை குறையும். பண்ணையில் பொரித்த குஞ்சா என்று கேளுங்கள். ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலேயே கோமாளி மீன்களைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள். பண்ணைக் குஞ்சு தீனிக்குப் பழகியிருக்கும், கடலிலும் கை வைத்ததாகாது.

மஞ்சள் கோபியும் சரி. நான்கு அங்குலம், தரையை விட்டு அதிகம் எழாது. அதை முதலில் விட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து கோமாளி ஜோடியை விடுங்கள். மூன்று மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொட்டி காலியாகத் தெரிகிறதே என்று மகன் கேட்பான். ஒன்றிரண்டு கிளீனர் இறால் வாங்கிக் கொடுங்கள்.

அப்புறம் ஒன்று: எந்த மீனானாலும் அதன் ஆங்கிலப் பெயரையும் அறிவியல் பெயரையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து முழு வளர்ச்சி அளவைத் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் போய் வாங்குங்கள். பெயரே தெரியாத மீனை விற்கிற கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: டாம்சல் மீன் விலையும் குறைவு, உருவமும் சிறியது. சின்னத் தொட்டிக்கு அது போதாதா?

பதில்: அளவு பொருந்தும், குணம் பொருந்தாது. நீல டாம்சல் மூன்று அங்குலம்தான், ஆனால் இரண்டு அடித் தொட்டி முழுவதையும் தன் இடம் என்று எடுத்துக்கொண்டு, பிறகு வருகிற மீனையெல்லாம் துரத்தும். அதைப் பிடித்து வெளியே எடுக்க மொத்தக் கல்லையும் கலைக்க வேண்டியிருக்கும். மூன்று வெள்ளைப் புள்ளி போட்ட டாமினோ டாம்சல் ஐந்து அங்குலம் வரை போகும். அளவை மட்டும் பார்த்து ஏமாறக்கூடிய இன்னொரு மீன் மாண்டரின். மூன்று அங்குல அழகு. ஆனால் கல்லிடுக்கில் வாழும் நுண்ணிய உயிர்களை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும். சின்னத் தொட்டியில் அவை சில வாரத்தில் தீர்ந்துவிடும், மீன் பட்டினியில் மெலியும்.

கேள்வி: கடல் குதிரை சின்னதுதானே, வளர்க்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தியக் கடல் குதிரைகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை, பவளமும் அப்படியே. யாராவது ரகசியமாக எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.