நீரிலுள்ள நச்சை ஒளி மங்குவதைக் கொண்டு எப்படி அறிகிறார்கள்?

அடையாற்று நீரில் நச்சு கலந்திருக்கிறதா என்பதை ஒளிரும் நொதிகளைக் கொண்டு அறிய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் எந்த நச்சு என்பதை அது சொல்லாது.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னியது பலருக்கு நினைவிருக்கும். அது நாக்டிலூக்கா என்ற ஒரு செல் உயிரியின் வேலை. சோதனைக்குப் பயன்படுபவையோ ஒளிரும் பாக்டீரியாவின் நொதிகள். இரண்டின் வேதியியலும் வேறு.

இந்தச் சோதனையில் இரண்டு பாக்டீரிய நொதிகள் அடுத்தடுத்து இயங்குகின்றன. முதலாவது, செல்களில் எலக்ட்ரான்களைச் சுமக்கும் என்ஏடிஹெச் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரான்களை எடுத்து, எஃப்எம்என் என்ற இன்னொரு மூலக்கூறுக்குக் கொடுக்கிறது. அவ்வாறு எலக்ட்ரான்களைப் பெற்று ஒடுக்கமடைந்த எஃப்எம்என்னையும், நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட ஆல்டிஹைடு என்னும் சேர்மத்தையும் லூசிஃபெரேஸ் என்னும் இரண்டாம் நொதி ஆக்சிஜனேற்றம் செய்யும்போது, சுமார் 490 நானோமீட்டர் அலைநீளத்தில் நீலப்பச்சை ஒளி வெளிப்படுகிறது. கன உலோகங்களோ பீனால்களோ இந்தத் தொடர்வினையின் ஒரு படியைத் தடுத்தாலும் ஒளி மங்கும். குயினோன்கள் என்னும் கரிமச் சேர்மங்கள் செய்வது இன்னும் சுவையானது: எலக்ட்ரான்களை அவை இடையிலேயே பறித்துக்கொள்வதால், குயினோன்கள் தீரும் வரை ஒளி தோன்றவே தாமதமாகிறது, அந்தத் தாமதமே ஓர் அளவுகோல்.

ஒரு குப்பியில் தூய நீரையும் மற்றொன்றில் மாதிரி நீரையும் இந்த நொதிகள் அடங்கிய வினைக்கலவையுடன் சேர்த்து, ஒளியை அளக்கும் லூமினோமீட்டர் கருவியில் ஒப்பிடுகிறார்கள். சில நிமிடங்களே ஆகும். உயிருள்ள பாக்டீரியாவைக் கொண்டு செய்யும் ஐஎஸ்ஓ 11348 என்னும் சர்வதேசத் தர முறையிலோ மாதிரியை 15 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வரை வைத்திருக்க வேண்டும். சென்னை வெயிலில் ஆற்றங்கரையில் நின்று செய்யத் தோதானதல்ல.

கூவம் போன்ற கறுத்த நீரில் ஒரு சிக்கல் உண்டு. நிறமே ஒளியை விழுங்கிவிடுவதால், நச்சில்லாமலேயே ஒளி குறைந்ததாகத் தோன்றும். ஆகவே மாதிரியை வடிகட்டி, நீர்க்கச் செய்து, நிறத்துக்கான திருத்தத்தையும் கணக்கிட்ட பிறகே அளவை நம்பலாம். ஒளி அப்போதும் மங்கினால், எந்த நச்சு என்றறிய வேதிப் பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும்.