கம்பெனியில் ப்ராஜெக்ட் செய்வதா, காலேஜ் லேபிலேயே முடிப்பதா?

கேள்வி: கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டை நாலு பேர் டீமாக ஏதாவது ஒரு கம்பெனியோடு சேர்ந்து செய்யச் சொல்கிறார் கைடு. நிஜமாகவே பிரயோஜனம் உண்டா?

உண்டு. ஆனால் லெட்டர் வாங்குவதற்கு முன்னால் அங்கே ஒன்று கேட்டுவிடுங்கள்: "சார், உங்க மெஷின் வருஷத்துல எப்ப நிக்கும்?" நாங்கள் கேட்கவில்லை.

நான் மெக்கானிக்கல், 2024 பேட்ச். வீடு தண்டையார்பேட்டை. முதலில் மணலிப் பக்கம் பெரிய ஆலைகளுக்கு அலைந்தோம். கேட்டில் செக்யூரிட்டியைத் தாண்டவே முடியவில்லை. கடைசியில் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் மூலமாகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரி அமைந்தது. முதலாளி சொன்ன பிரச்சினை ஒரே வரிதான்: "கரண்ட் பில் ஏறிக்கினே போவுது, இன்னான்னு பாருங்கப்பா."

ஐஸ் ஃபேக்டரியைப் பார்க்காதவர்களுக்கு: தரைமட்டத்தில் பெரிய உப்புத்தண்ணித் தொட்டி. அமோனியா கம்ப்ரசர் அந்த உப்புத்தண்ணியைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கும். உப்பு இருப்பதால் அது உறையாது. அதற்குள் தகர கேன்களில் நல்ல தண்ணீரை இறக்கினால் அது உறைந்து கட்டியாகும். மேலே வரிசையாக மரப்பலகை மூடி. 30 டிகிரி தண்ணீரை 50 கிலோ கட்டியாக்க சுமார் 23,000 கிலோஜூல், அதாவது 6.4 யூனிட் அளவுக்கு வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். கம்ப்ரசர் அவ்வளவு கரண்ட் தின்னாது, அதில் ஒரு பங்குதான். ஆனால் வெளிச்சூடு தொட்டிக்குள் இறங்கினால் அதையும் சேர்த்தே எடுத்தாக வேண்டும்.

தொட்டியின் நாலு மூலையிலும் சென்சர் இறக்கி, ரீடிங்கைப் பதிவு செய்யும் இஎஸ்பி32 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டில் இணைத்தோம். ஒன்பதாவது நாள் ரீடிங் நின்றுவிட்டது. கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பாசி மாதிரி செம்பு பூத்துக் கிடக்கிறது. லேபில் மூன்று மாதம் ஓடிய சாமான் அது. சிலிகான் ஊற்றி மூடி மறுபடி இறக்கினோம். இதைக் கற்றுக்கொள்ளத்தான் கம்பெனிக்குப் போக வேண்டும் என்பேன், சர்ட்டிஃபிகேட்டெல்லாம் அப்புறம்.

மூன்று மூலையில் மைனஸ் 9, நாலாவதில் மைனஸ் 6. அந்த மூலைக் கட்டிகளின் உள்நடுவில் உறையாமல் தண்ணீர் நிற்கும், உறைய அதிக நேரம் எடுக்கும். உப்புத்தண்ணியைக் கலக்கிச் சுற்றவிடும் அஜிடேட்டரில் கோளாறு என்று முடிவு கட்டி, கிராஃப் போட்டு, இரண்டாவது ரிவ்யூவில் கைதட்டலும் வாங்கிவிட்டோம். மறுநாள் ஆப்பரேட்டர் அண்ணனிடம் காட்டினால் சிரிக்கிறார். "மிக்ஜாம் புயல் வந்தப்போ அந்த மூலைல நாலு பலக ஒடஞ்சிச்சு. சாக்கு போட்டு வச்சிருக்கோம். தெர்மாமீட்டர் போட்டா பலக வந்துடுமா தம்பி?"

டிசம்பர் 2023இல் உடைந்த பலகை. முதலாளிக்கும் தெரியும். பலகையோடு அதைத் தாங்கும் சட்டமும் இற்றுப்போயிருந்தது. மாற்ற வேண்டுமானால் தொட்டியை வடித்துக் காலி செய்ய வேண்டும். மீன்பிடி போட்டுகள் ஐஸுக்குக் காத்து நிற்கும்போது யார் தொட்டியை நிறுத்துவார்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எல்லா ரிப்பேரும் அப்போதுதான். எங்கள் மூன்றாவது ரிவ்யூவோ ஏப்ரல் முதல் வாரம்.

ஆக, "முன்பு" ரீடிங் மட்டும் கையில், "பின்பு" கிடையாது. வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார். தடைக்காலம் என்று விளக்கினோம். "ப்ராஜெக்ட் டிசம்பர்லயே ஆரம்பிச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே" என்றார். பதில் இல்லை.

டீம் பற்றியும் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். விடியற்காலை லோடிங் நேரத்தில் போக முடிந்தது எனக்கும் ராயபுரத்து நண்பனுக்கும் மட்டும்தான். மாதவரத்திலிருந்து வந்த தோழியை அந்த நேரத்தில் வீட்டில் விடமாட்டார்கள். ப்ரோகிராம் கோட் முழுக்க அவள் எழுதியது. நாங்கள் இருவரும் "வேலை செய்வதே நாங்கள்தான்" என்று கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தோம். சென்சர் செத்த அன்று ராத்திரி பதினோரு மணிக்கு போனிலேயே ப்ரோகிராமைத் திருத்திக் கொடுத்தவள் அவள்தான். நாலாவது ஆளைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. எல்லா டீமிலும் ஒருவன் இருப்பான்.

தடைக்காலம் முடிந்து, ஜூன் கடைசியில் நான் மட்டும் போனேன். புதுப் பலகை, புதுச் சட்டம், தொட்டிக்குப் பெயின்ட். பழைய சென்சரையே இறக்கினேன். நாலாவது மூலை மைனஸ் 8.5. மார்க் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அண்ணனிடம் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு நம்பரைப் பார்த்தவர், "அந்த வயர அப்படியே உட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்" என்றார்.