ஓசூரைத் தாண்டும் முன் ஒரு கணக்கு

கேள்வி: குடியாத்தத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கைக்கு 24,000 வருகிறது. மனைவி அங்கேயே ஸ்டிச்சிங், 11,000. மூத்தவள் ஆறாவதிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். பிளஸ் டூவில் கணிதம் 88, இயற்பியல் 72, வேதியியல் 74. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் டிகிரி முடித்ததில்லை. பெங்களூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் இருப்பதாக ஏஜென்ட் ஒருவர் தினமும் போன் செய்கிறார். ஃபீஸ் 2 லட்சம், ஹாஸ்டல் 1 லட்சம், வருடத்துக்கு. இந்த வாரமே 50,000 கட்டி ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கொடுத்தால் சீட் உறுதி என்கிறார். வங்கியில் 8 லட்சம் கடன், மீதிக்கு 12 சவரன் நகையை அடகு வைக்கலாம் என்று இருக்கிறேன். போஸ்ட் ஆபீஸில் 3.5 லட்சம் இருக்கிறது. மாதம் 5,000 வீதம் 20 மாத ஏலச்சீட்டில் இன்னும் 8 மாதம் பாக்கி. மகளோ பி.எஸ்சி. கணிதம் போதும் என்கிறாள். பையன் அரசுப் பள்ளியில் எட்டாவது முடித்திருக்கிறான். ஒன்பதாவதுக்கு பிரைவேட் ஸ்கூலில் போடலாம் என்ற எண்ணமும் உண்டு. என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குடியாத்தம்

பதில்: முதலில் அந்த 50,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மார்க் ஷீட், டி.சி. எதையும் ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. அப்படியும் டி.சி. சிக்கிக்கொண்டு, கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தும் போய்ச் சேர முடியாமல் நின்ற பிள்ளைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ‘இந்த வாரமே’ என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அடுத்த வாரம் நீங்கள் விவரம் தெரிந்துகொண்டு விடுவீர்கள் என்ற பயம்தான் அதற்குக் காரணம்.

இனி கடன். 8 லட்சத்தை வருடத்துக்கு 2 லட்சமாக வாங்குகிறீர்கள், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் 4 வருடமும் அதற்குப் பிறகு 1 வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலே 2.94 லட்சம் ஏறி, தவணை தொடங்கும் நாளில் கடன் 10.94 லட்சமாக நிற்கும். அதை 10 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 14,760 ரூபாய். மொத்தத்தில் கட்டி முடிப்பது ஏறத்தாழ 17.7 லட்சம். உங்கள் மகளுக்கு முதல் வேலையில் 25,000 சம்பளம் என்றால், அறை வாடகை கொடுப்பதற்கு முன்பே பாதிக்கு மேல் போய்விடும். வேலை கிடைக்கத் தாமதமானால் அந்தத் தவணை உங்கள் 24,000-த்தில் இருந்துதான் போக வேண்டும்.

நகைக்கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது குறுகிய காலக் கடன். பெரும்பாலும் வருடத்துக்குள் மீட்க வேண்டும், அல்லது வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும். நாலு வருடப் படிப்புக்கு அதை நம்பினால், வருடா வருடம் வட்டிக்கு மட்டும் ஓடுவீர்கள். நாளிதழில் சிறு எழுத்தில் அரைப் பக்கத்துக்கு நகை ஏல அறிவிப்பு வருமே, அதில் இருக்கும் ஒவ்வொரு கணக்கு எண்ணும் ‘அடுத்த மாதம் மீட்டுவிடலாம்’ என்று ஒருவர் நினைத்து வைத்த நகைதான்.

இதையெல்லாம் விட உங்களிடம் நான் சொல்ல நினைப்பது வேறு. தமிழ்நாட்டுப் பிள்ளை தமிழ்நாட்டில் படிப்பதற்கு ஒரு பண மதிப்பு இருக்கிறது. அதை யாரும் ரூபாயில் எழுதிக் காட்டுவதில்லை. அதனால் ஓசூர் தாண்டிக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் நுழையும்போது எதை இழக்கிறோம் என்பதே தெரிவதில்லை.

உங்கள் மகள் விஷயத்தில் எழுதிப் பார்ப்போம். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர் யாரும் பட்டதாரி இல்லையென்றால் அவளுக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகம் வழியாகச் சான்றிதழ் வரும். பொறியியல் கலந்தாய்வில் சேர்ந்தால் அதைக் காட்டிக் கல்விக் கட்டணத்தில் சலுகை பெறலாம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது, அது தமிழ்நாட்டுக் கல்லூரியாகவே இருந்தாலும். அடுத்து புதுமைப் பெண் திட்டம். 2022-ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கியது, பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்திருப்பதால் உங்கள் மகளுக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். மூன்றாவது, 69 சதவீத இட ஒதுக்கீடு. உங்கள் சாதிச் சான்றிதழ் இங்கே கலந்தாய்வில் வேலை செய்யும். கர்நாடகத்தில் அவள் வெளிமாநிலப் பிள்ளை, அந்தச் சான்றிதழை வைத்து இடம் கேட்க முடியாது. அதனால்தான் ஏஜென்ட் காட்டும் கதவு எப்போதும் மேனேஜ்மென்ட் கதவாகவே இருக்கிறது. அப்படிச் சேர்ந்தால் வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் பெரும்பாலும் இடம் கிடைக்காது. வங்கியின் சொந்தத் திட்டத்தில், கூடுதல் வட்டிக்குத்தான் கேட்க வேண்டிவரும்.

உங்கள் மகளின் கட்-ஆஃப் 161. கணிதம் அப்படியே 88, இயற்பியலில் பாதி 36, வேதியியலில் பாதி 37. ஏஜென்ட் இதை ‘குறைந்த மார்க்’ என்றிருப்பார். 200-க்கு 161 எடுத்த பிள்ளை கலந்தாய்வைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு, எந்த வகுப்பினருக்கு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்பது கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து, 155 முதல் 168 வரை உங்கள் வகுப்புக்கு எவை வந்தன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வேலூர் பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரியை முதலில் பாருங்கள். அது அரசுக் கல்லூரி, கட்டணச் சுமை மிகக் குறைவு. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்), ஈஈஈ (எலக்ட்ரிகல்) பிரிவுகளையும் வரிசையில் வையுங்கள். மென்பொருள் கம்பெனிகள் அந்தப் பிரிவுப் பிள்ளைகளையும் எடுக்கின்றன.

அரசுக் கல்லூரி கிடைக்கவில்லை, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபீஸ், பஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1 லட்சம் என்று தாராளமாகவே போடுகிறேன். முதல் வருடத்தை ஏலச்சீட்டு பார்த்துக்கொள்ளும். அவசரப்பட்டுத் தள்ளுபடிக்கு ஏலம் எடுக்காமல் கடைசி வரை இருங்கள், ஃபீஸின் முதல் தவணையை மட்டும் போஸ்ட் ஆபீஸில் இருந்து எடுத்துவிட்டுச் சீட்டுப் பணம் வந்ததும் திருப்பிப் போடுங்கள். சீட்டு முடிந்தால் மாதம் 5,000 உங்கள் கையில் மிஞ்சும், வருடத்துக்கு 60,000. புதுமைப் பெண் 12,000. இரண்டாம் வருடத்திலிருந்து குறைவது 28,000 மட்டும். மூன்று வருடத்துக்கு 84,000. 3.5 லட்சத்தில் இது போனாலும் படிப்பு முடியும் நாளில் ஏறத்தாழ 2.66 லட்சம் அப்படியே இருக்கும். முதல் பட்டதாரிச் சலுகையை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. நகை பீரோவிலேயே இருக்கும்.

நடுவில் உடம்பு, வேலை என்று ஏதாவது வந்தால்தான் கடன். உங்கள் இருவர் வருமானம் வருடத்துக்கு 4.2 லட்சம். 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்கல்வி படித்தால், படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் ஓடும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. 4 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, அந்த எண்ணோடு வங்கிக்குப் போங்கள். மேனேஜர் வாயால் ‘முடியாது’ என்றால் எழுத்தில் கேளுங்கள். முழு 4 லட்சமும் வாங்கினால்கூட, வட்டி மானியம் கிடைத்துவிட்டால் 10 வருடத் தவணை 5,400 அளவில்தான் வரும். 14,760-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மகள் கணிதம் கேட்கிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் கடிதத்தில் அந்த வரியில்தான் அதிக நேரம் நின்றேன். உங்கள் ஊரிலேயே அரசு திருமகள் ஆலைக் கல்லூரி இருக்கிறது. வேலூரில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, காட்பாடியில் ஆக்சிலியம். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு வருடத்துக்கு ஆகும் செலவு, பெங்களூர் ஹாஸ்டலின் ஒரு மாதச் செலவைத் தாண்டாது. அவள் ஆசிரியராக வேண்டும் என்றால் அடுத்து பி.எட். 2 வருடம், பிறகு தகுதித் தேர்வு, போட்டித் தேர்வு. இந்த வழியில் காத்திருப்பு நீளம், அதை அவளிடம் மறைக்க வேண்டாம். அதே பி.எஸ்சி. கணிதத்தை முடித்துவிட்டு எம்சிஏ-வும் படிக்கலாம். இப்போது அது 2 வருடப் படிப்பு. ஐந்து வருட முடிவில் நீங்கள் கேட்ட கம்ப்யூட்டரும் வந்துவிடும், அவள் கேட்ட கணிதமும் இருக்கும். நடுவில் வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி எழுதவும் டிகிரி கையில் இருக்கும். என் அபிப்பிராயம் கேட்டால், பாகாயம் கிடைத்து, அவளும் மனதாரச் சம்மதித்தால் பொறியியல். இல்லையென்றால் ஏதோ ஒரு கல்லூரியில் ஏதோ ஒரு பி.இ. வாங்குவதை விட இந்தக் கணிதம் மேல். இப்போதைக்கு இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். விண்ணப்பக் கட்டணம் பெரிய தொகை இல்லை. பெங்களூருக்கு அவள் வேலைக்குப் போகட்டும். காட்பாடியிலிருந்து ரயில் அப்போதும் ஓடும்.

என் வீட்டில் நடந்தது ஒன்று. வாலாஜா பக்கம் பாலாற்றங்கரையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கழனி இருந்தது. தொண்ணூறுகளில் அண்ணனுக்குக் கர்நாடகத்தில் ஒரு கல்லூரியில் நன்கொடை கட்டிச் சேர்க்க அப்பா அதை விற்றார். பத்திரம் முடித்து வந்த அன்று வேட்டியில் கழனிச் சேறு காயாமல் இருந்தது. கடைசியாக ஒரு தடவை மடை பார்த்துவிட்டு வந்திருந்தார். அண்ணன் நன்றாகத்தான் படித்தான், வேலைக்கும் போனான். ஆனால் தங்கை பிளஸ் டூ முடித்தபோது வீட்டில் விற்க எதுவும் இல்லை. அவள் கல்லூரிக்குப் போகவில்லை. மூத்த பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்டு வருபவர்களிடம், இளைய பிள்ளை என்ன படிக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பது அதனால்தான்.

உங்கள் பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் இருக்கிறான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. உதவி பெறும் பள்ளியில் படித்ததால் அக்காவுக்கு இது கிடைக்கவில்லை. முதல் பட்டதாரிச் சலுகை ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான், அதை அக்கா எடுத்துக்கொள்வாள். தம்பிக்கு மிஞ்சியிருப்பது இந்த 7.5 சதவீதம். ஒன்பதாவதில் பள்ளி மாற்றினால் அதுவும் போய்விடும், மூன்று வருடம் படித்ததற்குப் பாதி உரிமை என்று எதுவும் கிடையாது. கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கு மாதம் 1,000 தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் அவன் படித்த பள்ளிதான் கணக்கு. இங்கிலீஷ் மீடியம் வேண்டுமென்றால் பல அரசுப் பள்ளிகளில் அந்தப் பிரிவு இருக்கிறது, அதற்கு மாற்றிக்கொள்ளலாம். கணக்குக்கோ அறிவியலுக்கோ மாலை ட்யூஷன் வையுங்கள், பிரைவேட் ஸ்கூல் ஃபீஸில் அது ஒரு சிறு பங்குதான். பள்ளி திறக்கும் வரை அவன் டி.சி.யைக் கேட்டு ஹெட்மாஸ்டர் அறைப் பக்கம் போகாதீர்கள்.