பைத்தானில் வேரியபிள் தானாகவே போய்விடுகிறதே, அப்புறம் ஃபைலை எதற்கு குளோஸ் செய்ய வேண்டும்?

வேரியபிளுக்குள் இருப்பது ஃபைல் இல்லை, டோக்கன்தான். பெங்களூரு மெஜஸ்டிக் ரயில் நிலைய கிளோக் ரூமில் பையைக் கொடுத்துவிட்டு சீட்டு வாங்குகிறோமே, அதே மாதிரி ஃபைலைத் திறந்ததும் லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ஒரு எண் தருகிறது. 0, 1, 2 மூன்றும் உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்திக்குப் போய்விடுவதால் நீங்கள் முதலில் திறப்பதற்குப் பெரும்பாலும் 3 கிடைக்கும்.

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தானான சீபைத்தானில், ஃபைலைச் சுட்டும் கடைசி ரெஃபரன்ஸ் போனதும் ஃபைல் மூடிவிடும். ஜாவா மேல் ஓடும் ஜைத்தானில், தேவையில்லாததை நினைவகத்திலிருந்து நீக்கும் கார்பேஜ் கலெக்டர் வரும்வரை திறந்தே கிடக்கும்.

வொய்ட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், லூப்பில் திறந்த ஃபைல்களை எல்லாம் ஒரு லிஸ்டில் போட்டு வைத்திருந்தேன்; லினக்ஸில் வழக்கமான வரம்பான 1024-ஐத் தொட்டதும் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்று ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது, பாதி ராத்திரி போச்சு. இனி 'வித்' போட்டே திறங்கள், பிளாக் முடிந்ததும் பஃபரில், அதாவது எழுதக் காத்திருக்கும் தற்காலிக இடத்தில், மிச்சம் இருப்பதை எழுதிவிட்டு எண்ணையும் திருப்பிக் கொடுத்துவிடும்.