குளிரில் மோட்டார்சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் நானும் மூன்று நண்பர்களும் மோட்டார்சைக்கிளில் மலேசியா வழியாகத் தாய்லாந்துக்குச் சென்று, சியாங் மாய், பாய், மே ஹோங் சோன் மலைப்பகுதிகளைச் சுற்றிவரத் திட்டமிட்டிருக்கிறோம். அங்கே அதிகாலையில் 10 டிகிரிக்கும் கீழே போகும் என்கிறார்கள். என்னிடம் இருப்பது காற்றோட்டமான வலைத்துணி ஜாக்கெட் மட்டுமே. குளிர்கால ஜாக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– ஈசூன் வாசகர்

பதில்: வாங்க வேண்டியதில்லை. சிங்கப்பூரிலிருந்து சியாங் மாய் வரையிலான ஏறத்தாழ 2,500 கிலோமீட்டரில் பெரும்பகுதியை நீங்கள் வெயிலிலும் மழையிலும்தான் கடக்கப்போகிறீர்கள். தடித்த குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஹட்யாய் நெரிசலில் நிற்பவர், மலையைப் பார்ப்பதற்கு முன்பே வியர்த்துச் சோர்ந்துவிடுவார். வலைத்துணி ஜாக்கெட்டிலேயே செல்லுங்கள். ஆனால் அதன் குறை என்ன என்பதைத் தெரிந்துகொண்டு செல்லுங்கள்.

மோட்டார்சைக்கிளோட்டியை வாட்டுவது வெப்பமானி காட்டும் குளிரைவிட, தம் வேகத்தால் அவரே உண்டாக்கிக்கொள்ளும் காற்றுதான். உடலை ஒட்டி எப்போதும் மெல்லிய, வெதுவெதுப்பான காற்றுப்படலம் ஒன்று இருக்கும். வேகமாகச் செல்லும்போது அது கணந்தோறும் கலைந்துபோவதால், தோல் தன் சூட்டைப் புதிய குளிர்காற்றுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது. வானிலையாளர்களின் காற்றுக்குளிர்க் கணக்குப்படி பார்த்தால், 10 டிகிரியில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் மூடப்படாத தோலுக்கு அது ஏறத்தாழ 4 டிகிரியாகவும், 5 டிகிரியில் அதே வேகத்தில் சென்றால் உறைநிலைக்கும் 3 டிகிரி கீழாகவும் உறைக்கும். வலைத்துணி ஜாக்கெட் இந்தக் காற்றை உள்ளே விடுவதற்காகவே தைக்கப்பட்டது.

ஆகவே காற்றை அடைப்பதுதான் முதல் வேலை. அதற்கு நீங்கள் எப்படியும் எடுத்துச்செல்லப்போகும் மழையங்கியே போதும். ஜாக்கெட்டுக்கு மேலே அதை அணிந்துகொண்டால் காற்று நின்றுவிடும். ஜாக்கெட்டுக்கு உள்ளே ஒரு ஃபிளீஸ் சட்டையும், அதற்கும் உள்ளே உடலை ஒட்டிய தெர்மல் உள்ளாடையும் இருக்கட்டும். கொரியாவுக்கோ ஜப்பானுக்கோ விடுமுறைக்குச் சென்றபோது வாங்கிய தெர்மல் உடை நம்மில் பலருடைய வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருப்பதால், கடைக்குப் போவதற்கு முன் அங்கே தேடிப் பாருங்கள். பருத்திப் பனியனை மட்டும் உள்ளே அணியாதீர்கள். அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும் என்பதால், உச்சியில் வண்டியை நிறுத்தியதும் உடல் சில்லிட்டுப்போகும். கழுத்தைச் சுற்றித் துணிக்குழாய் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டைக் கழுத்துக்கும் தலைக்கவசத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் காற்று நெஞ்சுக்குள் இறங்குகிறது.

உடையைவிட முக்கியமானது புறப்படும் நேரம் என்பது என் கருத்து. நம்மவர்களுக்கு விடியற்காலை நான்கு மணிக்கே வண்டியை எடுத்துப் பழக்கம். வெயிலுக்கும், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலுக்கும் அது சரியான தந்திரம். வடதாய்லாந்து மலைகளில் அதே பழக்கம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஒரு நாளின் மிகக் குறைந்த வெப்பநிலை நள்ளிரவில் வருவதில்லை. சூரியன் உதிக்கும் வேளையையொட்டித்தான் வருகிறது. அந்த நேரத்தில் பாய் பள்ளத்தாக்கில் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மாலை வெளிச்சம் மங்குவதற்குள் தங்குமிடம் சேர்வதுபோல் ஒவ்வொரு நாளையும் திட்டமிட்டால், உங்கள் குளிர்ப் பிரச்சினையில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

2,565 மீட்டர் உயரமுள்ள தோய் இந்தனோன் தாய்லாந்தின் மிக உயரமான சிகரம். டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் அங்கே புல்மேல் உறைபனி படிவதைப் பார்க்கத் தாய்லாந்து மக்களே கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். சூரிய உதயத்தை அங்கேதான் பார்க்க வேண்டுமென்று நண்பர்கள் அடம்பிடித்தால், அன்றைக்கு மட்டும் வண்டிகளை விடுதியில் விட்டுவிட்டு வேன் பிடித்துச் செல்லுங்கள்.

கேள்வி: கேமரன் மலைக்குச் சென்றபோதுகூட விரல்கள் மரத்துப்போய் பிரேக்கை அழுத்தவே சிரமப்பட்டேன். சூடேறும் கைப்பிடி பொருத்தினால் சரியாகிவிடுமா?
– செங்காங் வாசகர்

பதில்: பாதி சரியாகும். சூடேறும் கைப்பிடி உள்ளங்கைக்குத்தான் சூட்டைத் தருகிறது. காற்று மோதுவதோ புறங்கையில். கைப்பிடிக்கு முன்னே காற்றை மறைக்கும் கைக்காப்போ, கைப்பிடியையும் கையையும் சேர்த்து மூடும் உறையோ இருந்தால், மின்சாரமே இல்லாமல் அதைவிட அதிகப் பயன் கிடைக்கும். கையுறை இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே இன்னொரு கையுறையைத் திணித்து விரல்களை நெருக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து மரப்பு அதிகமாகத்தான் செய்யும்.

விரல் மரத்துப்போவதற்குக் காரணம் பல நேரங்களில் விரலில் இருப்பதில்லை. நெஞ்சும் வயிறும் குளிரத் தொடங்கியதும், உள்ளுறுப்புகளைக் காப்பதற்காக உடல் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. எனவே கையுறைக்குச் செலவழிப்பதற்கு முன், உடம்பின் நடுப்பகுதியை மூடும் ஒரு நல்ல கையில்லா மேற்சட்டைக்குச் செலவழியுங்கள். மின்சாரத்தில் சூடேறும் மேற்சட்டைகளும் உண்டு. சிறிய வண்டிகளின் மின்னாக்கி அதற்கும் முகப்பு விளக்குக்கும் சேர்த்து ஈடுகொடுக்குமா என்பதை மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிரேக்கை அழுத்தச் சிரமப்பட்டதாகத் தாங்கள் எழுதியிருப்பதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விரல் தன் வேலையைச் செய்யாத நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது. நடுக்கம், தடுமாற்றம், பேச்சில் குழறல், "இன்னும் கொஞ்சதூரம்தானே" என்ற அலட்சியம் ஆகியவை உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஆபத்துக்கு அறிகுறிகள். இவற்றில் கடைசியானதைத் தன்னிடம் தானே கண்டுகொள்ள முடியாது என்பதால், குழுவாகச் செல்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதற்காகவாவது முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். நிறுத்திய இடத்தில் சூடாக ஒரு தே ஹாலியா (இஞ்சித் தேநீர்) கிடைத்தால் பாக்கியம். பிராந்தி வேண்டாம், அது தோலுக்கு அடியிலுள்ள இரத்தக்குழாய்களை விரித்துச் சூட்டை இன்னும் வேகமாக வெளியேற்றும், குடித்துவிட்டு ஓட்டுவது குற்றம் என்பது வேறு.

கேள்வி: மலேசிய வடக்கு-தெற்கு விரைவுச்சாலையில் மழையில் நனைந்தபோது பல் கிட்டுமளவுக்கு நடுங்கினேன். 24 டிகிரியில் அப்படி நடக்குமா?
– பிடோக் வாசகர்

பதில்: நடக்கும். ஈரம் ஆவியாகும்போது உடலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்தச் சாலையின் வேக வரம்பான 110 கிலோமீட்டரை ஒட்டிச் செல்லும்போது அது மிக விரைவாக நடக்கிறது. நனைந்த பிறகு மழையங்கி போட்டால் முழுப் பயன் கிடைக்காது. மேகம் இருண்டதுமே நிறுத்திப் போட்டுக்கொள்ளுங்கள், மாற்று உள்சட்டை ஒன்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருங்கள்.

கேள்வி: இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் படிக்கும் என் மகன், பல்கலைக்கழகத்துக்குப் போய்வர 125 சிசி மோட்டார்சைக்கிள் வாங்கியிருக்கிறான். குளிர்காலத்திலும் ஓட்டுவேன் என்கிறான். எனக்குத் தூக்கமில்லை. தடுக்கலாமா?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: அம்மா, குளிரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், நல்ல உடை அதைப் பார்த்துக்கொள்ளும். கவலைப்பட வேண்டியது பனிக்கட்டியைப் பற்றி. சாலையில் கண்ணாடிபோல் படியும் மெல்லிய பனிக்கட்டிக்கு நிறமில்லை, அடியிலுள்ள தார்தான் தெரியும், ஈரச்சாலை என்றே கண் நினைக்கும். பனிக்கட்டியில் வாகனம் நிற்பதற்கு, உலர்ந்த சாலையைப்போல் பத்து மடங்கு தூரம்கூடத் தேவைப்படலாம் என்று பிரிட்டிஷ் சாலைவிதி நூலே எச்சரிக்கிறது. நான்கு சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்பி நிற்கும். இரண்டு சக்கரம் வழுக்கினால் விழுவதைத் தவிர வழியில்லை. ஷெஃபீல்டோ மேடுபள்ளமான நகரம்.

முழுமையாகத் தடுத்தால் சொல்லாமல் ஓட்டுவான். அதனால் தடைக்குப் பதிலாக நிபந்தனை போடுங்கள்: வானிலை அறிக்கை 3 டிகிரியோ அதற்குக் கீழேயோ காட்டும் நாளில் அவன் டிராமிலோ பேருந்திலோ போக வேண்டும். காற்றின் வெப்பநிலை சுழியத்துக்கு மேலே இருக்கும்போதே சாலைப்பரப்பு உறைந்துபோகலாம் என்பதால்தான் 3 என்கிறேன். பாலங்களின் மேற்பரப்பு அடியிலும் குளிர்வதால் முதலில் உறையும். வெயில் படாத மரநிழலில் நண்பகலிலும் பனிக்கட்டி மிஞ்சியிருக்கும். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதையும் நினைவூட்டுங்கள். பனியை உருக்கச் சாலையில் உப்பைத் தூவுவார்கள். அது சங்கிலியையும் பிரேக்கையும் அரிக்கும் என்பதால் அடிக்கடி தண்ணீர் விட்டுக் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் விடச் சொல்லுங்கள்.

கேள்வி: குளிர்ப்பகுதிக்குப் போகும்முன் வண்டியில் என்னென்ன மாற்ற வேண்டும்?
– ஜூரோங் வாசகர்

பதில்: வடதாய்லாந்துக்கு என்றால் அதிகமில்லை. எஞ்சின் எண்ணெய் 20டபிள்யூ-50 ஆக இருந்தால், வண்டியின் கையேடு அனுமதிக்கும் பட்சத்தில் 10டபிள்யூ-40க்கு மாறுங்கள். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் எண்ணெய் கெட்டியாகாமல் ஓடும். பழைய பேட்டரி குளிரில் முதலில் காலைவாரும் என்பதால் புறப்படும் முன்பே சோதித்துவிடுங்கள். லித்தியம் பேட்டரி காலையில் சோம்பினால், முகப்பு விளக்கை ஒரு நிமிடம் எரியவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றும் வழக்கம் இங்கே சிலரிடம் உண்டு. உறைநிலைக்குக் கீழே போகும் நாடுகளில் அது எஞ்சினையே விரிசலடையச் செய்துவிடும். குளிர்விப்புத் திரவமும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் சுமார் −37 டிகிரி வரை உறையாது.

சக்கரக் காற்றழுத்தம் வெப்பம் குறையக் குறைய, சுமார் 5.5 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ என்ற கணக்கில் இறங்கும். ஆகவே சிங்கப்பூரில் நிரப்பியதை நம்பாமல், மலையில் ஒவ்வொரு நாள் காலையும் வண்டியை நகர்த்துவதற்கு முன் அளந்து பாருங்கள். அளந்த பிறகும் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு ரப்பர் சூடேறியிருக்காது என்பதை மனத்தில் வைத்து, வளைவுகளில் சாய்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.